பழைய குடை வள்ளத்தைத் திரும்ப நீரில் இறக்குவது

முள்ளியவளைப் பக்கம் ஒரு வளவில் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கிடக்கும், ஒரே மரத்தைக் குடைந்து செய்த 18 அடிக் குடை வள்ளம். உங்கள் அப்பப்பா நந்திக்கடல் களப்பில் தொழில் செய்தது. அடியில் நீளவாட்டில் இரண்டு வெடிப்பு, அணியப் பக்கம் (முன்பக்கம்) உக்கல், அங்கங்கே பழைய இரும்பாணி. ‘பைபர் அடிச்சு விடுங்கோ’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது சரியா, இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைபர், அதாவது றெசினோடு சேர்த்து ஒட்டும் கண்ணாடி நார், அடிக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைகளில் பைபர் படகு பெருகியதால் அந்த வேலை தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள், செலவும் குறைவு. அதனால்தான் அந்த யோசனை முதலில் வருகிறது. ஆனால் குடை வள்ளம் ஒரே மரம். மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாக அசையாது. பொதுவான கணக்கு, ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால் குறுக்கில் ஏறக்குறைய 0.2 சதவீதம். வைகாசி வெயிலில் கொட்டிலில் கிடக்கும் வள்ளத்துக்கும் களப்பில் ஊறிய வள்ளத்துக்கும் இடையில் 10 சதவீத வித்தியாசம் சாதாரணம். அப்படியானால் 60 சென்ரிமீற்றர் அகலமான அடி 12 மில்லிமீற்றர் விரிந்து சுருங்குகிறது. மேலே ஒட்டிய கண்ணாடி நார் அந்த 12 மில்லிமீற்றரை விட்டுக்கொடுக்காது. ஒன்றில் மரத்திலிருந்து கழன்று வரும், அல்லது மரத்தைப் புதிய இடத்தில் வெடிக்க வைக்கும். கழன்ற இடைவெளிக்குள் போகும் நீர் வெளியே வர வழியில்லை. இரண்டு மாரிக்குள் உள்ளே மரம் பஞ்சாகிவிடும், வெளியே பார்த்தால் வள்ளம் புதிதுபோல இருக்கும். இலுப்பை போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் பொலியெஸ்ரர் றெசின் முதலிலேயே சரியாகப் பிடிப்பதில்லை. இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: மரம் அசையும், நீங்கள் வைக்கும் ஒட்டு, ஆணி, வங்கு (உட்பக்கம் குறுக்கே வைக்கும் வளைந்த விலா மரம்), பூச்சு எல்லாம் அதோடு சேர்ந்து அசைய இடம் விட வேண்டும்.

வள்ளத்தைத் தொடுவதற்கு முன் அது கிடக்கும் நிலத்தைப் பாருங்கள். வளவின் திறந்த இடத்தில் கிடந்தால் பிரச்சினை குறைவு. பற்றைக்குள்ளோ, களப்புக் கரைச் சேற்றில் பாதி புதைந்தோ கிடந்தால், அந்த இடம் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் மண்வெட்டி போடக்கூடாது. வள்ளத்துக்கு உள்ளேயும் 2009இல் இருந்து நிரம்பிய மண் இருக்கலாம். அதைக் கையால், மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். என்னவென்று தெரியாத உலோகப் பொருள் ஏதும் தென்பட்டால் கை வைக்காமல் விலகி, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள்.

மரத்துக்குள் ஏறிய சன்னமும் (துப்பாக்கிக் குண்டு) செல் துண்டும் வேறு விடயம். சீவுளி போடமுன் பலமான காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, வள்ளத்தின் உடம்பு முழுவதும் நான்கு விரல் இடைவெளியில் இழுத்துப் பாருங்கள். இழுபடும் இடத்தைச் சோக்கால் குறியுங்கள். செப்பும் ஈயமும் காந்தத்துக்கு அகப்படாது என்பதால் சிறிய உலோகங்காட்டி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. உப்பு ஊறிய மரத்தில் இரும்புத் துண்டு சும்மா இராது. துருப்பிடித்துப் பருக்கும், சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கி மெதுமைப்படுத்தும். 20 அல்லது 25 மில்லிமீற்றர் வட்டத் துளையாக எடுத்து, அதே சாதி மரத்தில் செய்த முளையை நார் ஓடும் திசை ஒத்திருக்க அடித்து இறுக்க வேண்டும். பழைய இரும்பாணிக்கும் இதே வைத்தியம்.

அடுத்தது தூக்குவது. அணியத்திலும் பின்பக்கத்திலும் கயிறு போட்டு இரண்டு தலையிலும் தூக்கினால் நடு முதுகு முறியும். நான்கு அகலப் பட்டியை அடியால் விட்டு, எட்டுப் பேர் ஒரே நேரத்தில் தூக்குவதே பாதுகாப்பு. கிடுகுக் கொட்டிலுக்குள் மண் நிரப்பிய உரப்பைகளை ஐந்து இடத்தில் அடுக்கி, வள்ளத்தின் வளைவு அதில் தானாகப் பதியும்படி இருத்துங்கள். இரண்டு தலைக்கும் நடுவே நூல் கட்டிப் பார்த்தால் அடி எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று தெரியும். 18 அடியில் ஒரு அங்குலத் தொய்வை, ஈரம் ஏற்றும் நாட்களில் உரப்பைகளைக் கூட்டிக் குறைத்து மெல்ல மெல்லத் திருத்தலாம். ஜக் (பாரம் தூக்கி) வைத்து ஒரே நாளில் நிமிர்த்தப் பார்த்தால் வெடிப்பு நீளும்.

இனி நோயைக் கண்டுபிடிப்பது. ஒரு குத்தூசியும் சிறு மரச் சுத்தியலும் போதும். ஒவ்வொரு நான்கு அங்குலத்துக்கும் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உக்கியது மந்தமாகக் கேட்கும். ஊசி தடையில்லாமல் 5 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் அந்த இடம் போனது. களப்பு வள்ளத்தில் கவனிக்க வேண்டியது கடற்புழு. அது குஞ்சாக இருக்கும்போதே உள்ளே நுழைவதால் வெளித்துளை குண்டூசித் தலையளவுதான் இருக்கும். உள்ளே விரல் பருமனில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சுள்ள சுரங்கம் ஓடும். ஆகவே துளையின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். இரணைமடு, வவுனிக்குளம் போன்ற நன்னீர்க் குளத்து வள்ளத்தில் இந்தப் புழு இல்லை. ஆனால் உக்கல் அதிகம், ஏனென்றால் உப்பு நீர் உக்கல் பூஞ்சணத்தைத் தடுக்கும், நன்னீர் வளர்க்கும். உங்கள் வள்ளத்தில் அணியம் மட்டும் உக்கியதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும்: அணியம் பதிவாகக் கிடந்திருக்கிறது, ஒவ்வொரு மாரியிலும் மழைநீர் அங்கே தேங்கி, நார் முனை வழியாக உறிஞ்சப்பட்டிருக்கிறது. நிலத்தில் முட்டிய அடியில் கறையானையும் தேடுங்கள். அணியத்தில் பதிவு இலக்கமோ செதுக்கிய அடையாளமோ இருந்தால் முதலில் படம் எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் சீவுளி போட வேண்டாம்.

என்ன மரம் என்று அறிந்தால்தான் ஒட்டு மரம் தேடலாம். வடக்கின் பழைய வள்ளங்களில் பல, மலையாளக் கரையில் குடைந்து கொண்டுவரப்பட்டவை. அவற்றில் ஆஞ்சிலியும் மாவும் அதிகம். உள்ளூரில் குடைந்தவற்றில் மா, பலா, இலுப்பை வரும். உட்பக்கத்தில் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். பலாவும் ஆஞ்சிலியும் புதிய வெட்டில் மஞ்சளாகவும் காற்றுப் பட்டபின் பொன்பழுப்பாகவும் தெரியும். மா வெளிறிய சாம்பல் பழுப்பு, வைரமும் (உள் மரம்) வெள்ளையும் (வெளி மரம்) பிரித்தறிவது கடினம். இலுப்பை சிவந்த பழுப்பு, கையில் பாரம் தெரியும். முதிரையையும் பாலையையும் ஒட்டுக்குப் போடாதீர்கள். இரண்டும் அருமையான மரங்கள், ஆனால் மென்மையான உடம்புக்குள் வைத்தால் ஒட்டு ஒரு அளவிலும் உடம்பு வேறு அளவிலும் அசையும். பாலை நீரில் தாழும் பாரமுள்ளது. மிகச் சிறந்த ஒட்டு மரம் கரையில் கைவிடப்பட்ட இன்னொரு வள்ளம், அதற்கடுத்தது பழைய வீட்டுக் கூரை வளை மரம். நிற்கும் பலாவைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். காட்டு மரத்தை ஏற்றி இறக்கவும் அனுமதிப் பத்திரம் வேண்டும், ஆகவே எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அதன்பின் உப்பை எடுங்கள். மரத்தில் உப்பு இருக்கும்வரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எந்தப் பூச்சும் நிலைக்காது. ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் கிணற்று நீரால் நன்றாக நனைத்து, நைலோன் தூரிகையால் நார்வாட்டில் தேய்த்துக் கழுவுங்கள். சில கிணற்று நீரே உவர் என்பதால் நீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். பழைய பெயின்ற் இருந்தால் ஈரமாக வைத்தே சுரண்ட வேண்டும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், தூசியாக்கக் கூடாது.

கழுவி முடிந்ததும் பெரும்பாலானோர் வள்ளத்தை வெயிலில் வைக்கிறார்கள். வன்னியின் சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் வெளித்தோல் காய்ந்து சுருங்கும், உட்புறம் ஈரமாக விரிந்தே இருக்கும். இழுபறியில் மரம் வெடிக்கும். கொட்டிலின் காற்று வரும் பக்கத்தைக் கிடுகால் மறையுங்கள். அணிய முனையிலும் பின்முனையிலும் நார் முனைகள் திறந்திருப்பதால் உருக்கிய மெழுகு பூசுங்கள். முதல் இரண்டு கிழமைக்கு ஈரச்சாக்குப் போட்டு, பிறகு சாக்கை ஈரமாக்குவதை நாளுக்கு நாள் குறையுங்கள். ஈரமானி இருந்தால் 15 முதல் 18 சதவீதத்தில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே காயவிட வேண்டாம்.

ஏற்கெனவே வரண்டு கிடக்கும் வெடிப்புகளுக்கும் இந்த ஈரச்சாக்கு நாட்கள்தான் பரிசோதனை. வெடிப்பின் நான்கு இடத்தில் அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு கிழமையில் பாதி அளவாக மூடினால் அது வரட்சி வெடிப்பு, நீரில் இன்னும் மூடும். மூடாமல் நிற்பதுதான் திருத்த வேண்டியது. வரண்ட வெடிப்புக்குள் எப்பொக்சியோ சிமெந்தோ நிரப்பினால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: வள்ளம் நீரில் இறங்கி விரியும்போது வெடிப்பு மூட முயலும், உள்ளே இருக்கும் கட்டிப்பொருள் ஆப்பாக நின்று வெடிப்பை இரண்டு பக்கமும் நீட்டிவிடும். பழைய வள்ளங்களில் ‘திருத்தின பிறகு கூடுதலாக வெடித்தது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

2 மில்லிமீற்றருக்குக் குறைந்த வெடிப்பை அப்படியே விடுங்கள். 2 முதல் 6 வரை கலப்பத்து, அதாவது திரி அடைத்து மூடுவது. பருத்தித் திரியைத் தளர்வாக முறுக்கி, மொட்டை உளியால் வெடிப்பின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறக்கி, மேலே குங்கிலியக் கலவையால் மூடுங்கள். ஒரு கிலோ பொடித்த குங்கிலியத்துக்கு 300 மில்லிலீற்றர் எண்ணெயில் தொடங்கி, சிறு தீயில் உருக்குங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்து வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். ஒடிந்தால் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டுங்கள், விரலில் ஒட்டினால் குங்கிலியத்தைக் கூட்டுங்கள். கொட்டிலுக்கு வெளியே, சட்டிக்கு மூடியும் பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துச் செய்யுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது.

6 மில்லிமீற்றருக்கு மேல் அகன்று மூடாமல் நிற்கும் வெடிப்புக்கு மரச் சட்டம் சொருக வேண்டும். வெடிப்பின் ஓரங்களை நேராக்கி, அதே மரத்தில் சற்று ஆப்பு வடிவாக ஒரு சட்டம் சீவி, ஒரு பக்கத்தில் மட்டும் பசை பூசி இறக்குங்கள். மற்றப் பக்கத்தில் திரியும் குங்கிலியமும். இரண்டு பக்கமும் ஒட்டினால் அசைய இடமில்லாமல் பக்கத்தில் வெடிக்கும். எப்பொக்சி பாவித்தால் வெப்பம் இறங்கும் பின்னேரத்தில், 200 கிராமுக்கு மேற்படாமல் கலந்து வேலை செய்யுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பசையில் குமிழி கிளப்பும்.

வெடிப்பு மேலும் நீளாமல் பிடிப்பது வங்கு. இதற்குப் பூவரசு. இயற்கையாகவே வளைந்த கொப்பு கிடைக்கும், நீரில் நீண்டகாலம் நிற்கும். வளைவை வெட்டி உருவாக்காமல், வளைந்து வளர்ந்த கொப்பாகவே தேடுங்கள். வெட்டிய வளைவில் நார் குறுக்கே அறுந்து, பாரம் வந்ததும் பிளக்கும். வெடிப்பு ஓடும் நீளத்துக்கு 50 சென்ரிமீற்றருக்கு ஒரு வங்கு போதும். நடு ஆணி மட்டும் இறுக்கம்; இரண்டு பக்கத்துத் துளைகளையும் வங்கின் நீளவாட்டில் 6 மில்லிமீற்றர் நீள்துளையாக அகட்டி விடுங்கள், அடி விரியும்போது ஆணி அதற்குள் நகரட்டும். வங்கின் அடிப்புறத்தில் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் நீர் ஓட வாய் வெட்ட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு வங்கும் ஒரு சிறு அணைக்கட்டாகி நன்னீரைத் தேக்கும்.

அணிய உக்கலுக்கு வாய்ச்சியும் உளியும். நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, அதற்கு அப்பால் இன்னும் 5 சென்ரிமீற்றர் எடுங்கள். பூஞ்சண நார் கண்ணுக்குத் தெரியும் உக்கலுக்கு முன்னே ஓடியிருக்கும். வெட்டிய இடத்துக்கு ஒரு லீற்றர் சுடுநீரில் 60 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, நாளுக்கு ஒரு தடவையாக மூன்று நாள் பூசிக் காயவிடுங்கள். பூஞ்சணத்துக்கும் கறையானுக்கும் இது நல்ல மருந்து, ஆனால் நீரில் கரைந்து போகும், மேலே பூச்சுக் கட்டாயம். பிள்ளைகளும் ஆடுகளும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய துண்டைச் சதுரமாக வெட்டி வைத்தால் குறுக்கு மூட்டில் நீர் வரும். பக்கச்சுவரில் மூட்டைச் சாய்வாக எடுங்கள், தடிப்பைப் போல எட்டு மடங்கு நீளத்துக்கு. 25 மில்லிமீற்றர் சுவரென்றால் 20 சென்ரிமீற்றர் சாய்வு. ஒரு முகத்தில் கரித்தூள் தடவி மற்றதைப் பொருத்தி எடுங்கள். கரி பட்ட இடம் மேடு, அதை மட்டும் சீவுங்கள். முகம் முழுவதும் சீராகக் கரி படும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வேலையில் அதிக நேரம் பிடிப்பதும் அவசரப்படக்கூடாததும் இந்த இடம்தான். ஊரில் வயதான ஓடாவி (வள்ளம் செய்யும் தச்சர்) ஒருவர் இருந்தால் இதற்கு மட்டுமாவது கூப்பிடுங்கள். கண்ணால் பார்த்தே மேட்டைச் சொல்லும் பழக்கம் அவர்களிடம் உண்டு. மூட்டுக்குள் குங்கிலியக் கலவையில் தோய்த்த மெல்லிய பருத்தித் துணியை விரித்து, செப்பாணியால் இறுக்குங்கள்.

செப்பாணி கடையில் கிடைக்காவிட்டால் மின் நிலத்தொடுப்புக்குப் பாவிக்கும் 4 மில்லிமீற்றர் கட்டிச் செப்புக்கம்பியும் செப்புத் தகட்டில் வெட்டிய வளையமும் போதும். துளை கம்பியை விட அரை மில்லிமீற்றர் சிறிதாக, ஆணிக்கு ஆணி 8 முதல் 10 சென்ரிமீற்றர், ஓரத்திலிருந்து 2 சென்ரிமீற்றராவது உள்ளே, ஒரே நார்க் கோட்டில் வராமல் மாறி மாறி. வெளியே ஒருவர் பாரமான இரும்பைத் தலையில் பிடிக்க, உள்ளே வளையத்தைப் போட்டு, 6 மில்லிமீற்றர் நீளம் விட்டு வெட்டி, சிறு சுத்தியலால் பல இலேசான அடியாகத் தட்டித் தலை பரப்புங்கள். பலமாக அடித்தால் கம்பி மரத்துக்குள்ளேயே வளைந்துவிடும். செப்பையும் இரும்பையும் அருகருகே விடாதீர்கள், உப்பு நீரில் இரும்பு வேகமாக அரிக்கப்படும். துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் ஈரமரத்துக்குள் காற்றுப் படாத இடத்தில் அரிக்கும்.

பூச்சுக்கு வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் நல்லதென்று சொல்வார்கள். அவை பூச்சிக்கு ஆகாதவை என்பது சரி, ஆனால் காய்ந்து படலமாகாத எண்ணெய்கள். தடிப்பாகப் பூசினால் பிசுபிசுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், மேலே பெயின்றும் ஒட்டாது. ஆளிவிதை எண்ணெய் காயும். முதல் பூச்சுக்கு அரைவாசி ரேப்பன்ரைன் கலந்து, மரம் குடிக்கும்வரை; இரண்டாவது, மூன்றாவது பூச்சுக்கு எண்ணெயைக் கூட்டி, மிச்சத்தைத் துணியால் துடைத்து. அந்தத் துணியைக் கசக்கிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். தார் வேண்டாம். அடியில் நடப்பதை மறைக்கும், பின்னர் எதுவும் அதன்மேல் பிடிக்காது, தோலுக்கும் கேடு. வள்ளம் எந்நேரமும் களப்பு நீரில் நிற்கப்போகிறதென்றால் அடிக்குச் செப்புச் சேர்ந்த கடற்பெயின்ற் பூசுங்கள். தொழில் முடிய ஒவ்வொரு நாளும் கரையில் ஏற்றினால் அது தேவையில்லை.

பங்குனியில் கழுவத் தொடங்கினால் ஆவணிக்குள் மர வேலை முடியும், புரட்டாதியில் பூச்சுக் காயும், ஐப்பசியில் களப்பில் நீர் ஏறும்போது இறக்கலாம். இறக்கமுன் கரையில் வைத்து உள்ளே நீர் நிரப்பிச் சோதிக்காதீர்கள். 18 அடி வள்ளம் ஒரு அடி ஆழத்துக்கு நிரம்பினால் ஏறக்குறைய ஒரு தொன் பாரம், பக்கச்சுவர் வெளியே தள்ளப்பட்டு எல்லா மூட்டும் திறக்கும். முழங்கால் அளவு நீரில் வள்ளத்தை விட்டு, இரண்டு மணல் உரப்பையை உள்ளே வைத்துக் கட்டிவையுங்கள். முதல் நாள் நன்றாக நீர் வரும். இறைத்துவிட்டுப் பொறுத்திருங்கள், திரும்பக் கலப்பத்துப் போட வேண்டாம். மூன்றாம் நாளும் குறையாமல் வரும் இடத்தை மட்டும் குறித்து, ஏற்றிப் பாருங்கள். மீன்பிடிக்கப் பாவிப்பதானால் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவைப் புதுப்பிப்பதும் அந்த வாரத்திலேயே முடியட்டும்.

கடற்புழு ஏறியதாகச் சந்தேகம் வந்தால் நன்னீரில் மூன்று நான்கு கிழமை நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று நாள் போதாது, புழு வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே தாக்குப்பிடிக்கும். தொழில் இல்லாத மாதங்களில் கவிழ்த்து, நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் கால்வாசி உள்ளே இரண்டு குற்றி வைத்து இருத்துங்கள். மேலே கிடுகு போடுங்கள்; தறப்பாளை இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்து உக்கும். முதல் மாரி முழுக்க மழை விட்டதும் போய், அணியத்துப் புதிய மூட்டை விரலால் தடவிப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் அங்கே ஈரம் நின்றால், மூட்டு நீர் பிடிக்கிறது. தையில் வெயில் வந்ததும் அந்த ஆணிகளைக் கழற்றித் துணியை மாற்றிப் போடுங்கள்.